ஒரு மணி நேரம்தானே

ஜூன் 19, திங்கள்

இன்று கல்லூரியில் ஒரு சண்டையில் ஜெயித்தேன். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு நஸ்ரினுக்கு எட்டு மாதக் குழந்தை. அவள் அம்மா ஒன்பதரைக்கு வந்துதான் குழந்தையை வாங்கிக்கொள்ள முடியும். முதல் வகுப்புக்குக் கால் மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டிருந்தாள். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் முதல்வர் மறுத்தார். "இன்னைக்கு இந்தப் பொண்ணுக்குக் குடுத்தா நாளைக்கு பஸ் லேட்டுன்னு ஒருத்தி வருவா. அப்புறம் எல்லாரும் பத்தரைக்கு வருவாங்க. கடைசியில காலேஜே மத்தியானம்தான் ஆரம்பிக்கும்."

நான் எழுந்து, "சார், இதுக்குப் பேரு வழுக்குச் சரிவு வாதம். இருபத்தி மூணு வருஷமா தர்க்கப் பிழைகள் பாடத்துல இதைத்தான் நடத்துறேன். முதல் படியில கால் வச்சா கடைசிப் படியில விழுந்தே தீரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நடுவுல எங்க வேணும்னாலும் நிக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியமேரி கொடியில் துணி போட மாடிக்குப் போன நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். ஆட்டோ பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையம் போனேன். அங்கேதான் இருப்பார் என்று தெரியும். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் கண்டக்டர், மறதி நோய் வந்த பிறகும் கால் அங்கேதான் போகிறது. ஒரு பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு, "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் நல்ல மனிதர். "பெரியவரு பரவால்லம்மா, எனக்கு ஒத்தாசையாத்தான் இருந்தாரு" என்றார். காலில் செருப்பில்லை. பாதம் கொப்பளித்திருந்தது.

வீட்டில் மேரி அழுதுகொண்டிருந்தாள். எட்டு மாதமாக அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன்பு ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். நான் அதட்டவில்லை. அப்பாவின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடலாம், அவள் சமைத்து, துணி துவைக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் போட்டு வைக்கட்டும் என்று சொன்னேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள்.

"ஏன்? ஒரு மணி நேரம்தானே?"

"ஒரு மணி நேரம்னுதான் ஆரம்பிப்போம். நமக்கு அது சொகமா இருக்கும், அதனால ரெண்டு மணி ஆகும். அய்யா நடந்த ஒடம்பு. அடைச்சு வச்சா கோவம் வரும், கத்துவாரு. கத்துறாருன்னு மாத்திர குடுப்போம். மாத்திர குடுத்தா கால் தள்ளாடும். தள்ளாடுதுன்னு கட்டிப் போடுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நாளில் அதே பிழை, இரண்டாவது முறை! "மேரி, காலையில எங்க பிரின்சிபால் இதையேதான் சொன்னாரு. ஒரு தாப்பாளுக்கும் கட்டிப் போடறதுக்கும் என்ன சம்பந்தம்? நடுவுல நிறுத்திக்க எனக்குத் தெரியாதா? நான் என்ன மிருகமா?"

"அப்பிடிச் சொல்லல டீச்சர்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பதில் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

தச்சர் வந்தார். பத்து நிமிட வேலை. சின்னத் தாழ்ப்பாள்தான்.

ஜூன் 28, புதன்

நிம்மதியான வாரம். கல்லூரியில் இருக்கும்போது மேரியிடமிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. முதல் பருவ வினாத்தாள் தயாரித்து முடித்தேன். அப்பாவின் பாதம் ஆறிவிட்டது.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்று வைத்திருந்ததைப் பதினொன்றிலிருந்து ஒன்றரை என்று மாற்றினோம். மேரிக்கும் சாப்பிட நேரம் வேண்டுமே. அவளுக்காகத்தான்.

ஜூலை 9, ஞாயிறு

கரூரிலிருந்து மங்கை பேசினாள். என் தங்கை. மாமியாருக்குக் கண் அறுவை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, வர முடியவில்லை என்றாள். "அப்பா எப்படிக்கா இருக்காரு?" "நல்லா இருக்காரு. இப்பல்லாம் வெளிய ஓடறதில்ல." "அப்பாடா" என்றாள்.

தாழ்ப்பாள் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது.

இப்போது மாலையிலும் கொஞ்ச நேரம் தாழ்ப்பாள் போடுகிறோம். நான்கு மணியானால் கதவைத் தட்ட ஆரம்பிக்கிறார். "வண்டி எடுக்கணும், டைம் ஆச்சு, கதவத் தெறங்கய்யா" என்று குரல் தெருமுனை வரை போகிறது. பக்கத்து வீட்டு வேதா மாமி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏதாவது பிரச்சினையா திலகா?" என்று கேட்டார். உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஜூலை 14, வெள்ளி

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவைக் கூட்டிப் போகவில்லை, ஆட்டோவில் உட்கார வைக்க முடியாது. கத்துகிறார், தட்டுகிறார் என்று சொன்னேன். பகலில் நடக்கிறாரா என்று கேட்டார். நடக்கிறார் என்றேன். அறைக்குள் நடக்கத்தானே செய்கிறார். அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரொம்ப முடியாதப்ப மட்டும் குடுங்க. தினமும் வேண்டாம்."

மேரி அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவள் எதுவும் சொல்லாமல் போனது எரிச்சலாக இருந்தது.

சிலிண்டர் வந்தது.

ஜூலை 27, வியாழன்

மாத்திரை காலை அரை, மதியம் அரை. டாக்டர் அரை என்றுதான் சொன்னார். அரை அரையாகத்தான் கொடுக்கிறேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. இன்று பதினெட்டு விடைத்தாள் திருத்தினேன். அப்பா என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினார். நடுவில் ஒருமுறை விழித்து, "திலகா, சாப்ட்டியா?" என்றார். என் பெயர் இன்னும் வருகிறது.

மேரி சொன்னாள்: "அய்யாவுக்குக் கால் தள்ளாடுது டீச்சர். நேத்து பாத்ரூம்ல நான் புடிக்கலேன்னா விழுந்திருப்பாரு."

"அப்ப கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையில் அப்பா கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். மேசை விளிம்பில் நெற்றி பட்டு நாலு தையல். வீட்டுக்கு வந்ததும் நான் என் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து, இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு தளர்வாகச் சுற்றினேன். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும். இது அவருடைய பாதுகாப்புக்கு. கார் சீட்டில் பெல்ட் போடுவதில்லையா?

மேரியிடம், நான் இல்லாத நேரத்தில் அவளும் இப்படிச் செய்ய வேண்டும் என்றேன்.

"நான் கட்ட மாட்டேன் டீச்சர்."

"இது கட்டறது இல்ல மேரி."

"மாத்திரைய நிறுத்திட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளிய நடக்க விட்டா அய்யா கத்த மாட்டாரு. நான் கூடப் போறேன். ஒங்களுக்கு வேண்டாம்னா என்னை அனுப்பிடுங்க. ஆனா நான் கட்ட மாட்டேன்."

நான் தாழ்ப்பாளை, மாத்திரையை, துணியைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் அந்தந்த நேரத்தில் சரியான முடிவு என்று விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலத் தெளிவாகவே விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "எனக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர்" என்றாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மேரி நேற்றிலிருந்து வரவில்லை. அவள் வீட்டில் ஏதோ பிரச்சினை. மங்கையிடம் அப்படித்தான் சொன்னேன்.

வேறு ஆள் பார்க்க வேண்டும். இந்த வாரம் உள்மதிப்பீடு முடியட்டும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அப்பாவின் விரல்கள் எதையும் மறக்கவில்லை. பின்னால் போட்ட முடிச்சைக் கையைத் திருப்பி, பார்க்காமலே அவிழ்த்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 16, புதன்

சின்னக் கடைவீதியில் பருத்தித் துப்பட்டா இரண்டு வாங்கினேன். நான் துப்பட்டா போடுவதில்லை. வழுக்கக் கூடாது, முரடாகவும் இருக்கக் கூடாது என்று பத்துப் பதினைந்து எடுத்துப் பார்த்தேன். கடைக்காரப் பெண், "பொண்ணுக்கா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அப்பா நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார். இடது இடுப்பெலும்பு முறிவு. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. காலையில் பணி மருத்துவர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பெயர் ஹரிகரசுதன் என்று சட்டையில் இருந்தது. "எப்படி விழுந்தாரும்மா?"

"நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கும்போது."

"கூட யாரு இருந்தா?"

"நான்தான். சமையல்கட்டுல இருந்தேன்."

அப்பாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் வளையல் போட்டதுபோல் சிவந்திருந்தது. "இது என்ன?"

"வாட்ச் கட்டுவாரு. இறுக்கமா."

"ரெண்டு கையிலயுமா?"

நான் அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வயதில் பெரியவள், பேராசிரியை. அதற்கு மேல் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். அந்தக் கூச்சத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

மங்கை மதியம் வந்து சேர்ந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "தனியா எவ்ளோ கஷ்டப்பட்டிருப்ப!" என்று அழுதாள்.

ஆகஸ்ட் 30, புதன்

கம்பி வைத்தாகிவிட்டது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார்கள். மாத்திரையை முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். கண் தெளிந்திருக்கிறது. ஆனால் என்னைத் தெரியவில்லை. மங்கையை மட்டும், "நம்ம சின்னவ" என்கிறார்.

துப்பட்டாக்களைக் குப்பை வண்டியில் போட்டேன். பிறகு வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். மங்கை மருத்துவமனையில் இருக்கிறாள்.

பாடத்திட்டப்படி இன்று வழுக்குச் சரிவு. பழைய குறிப்பிலிருந்து படித்தேன். நஸ்ரின் கை தூக்கினாள். ஜூனிலிருந்து இன்று வரை அவள் ஒருத்திதான் கால் மணி நேரம் தாமதமாக வருகிறாள். வேறு யாரும் வருவதில்லை. கல்லூரி மதியம் ஆரம்பிக்கவில்லை.

"மேம், இது எப்பவுமே பிழைதானா?"

"ஏன் கேக்கற?"

"பாப்பாவுக்கு மொபைல் காட்டிச் சோறு ஊட்டாதேன்னு அம்மா சொன்னாங்க. ஒரு நாள் காட்டினா தெனமும் கேக்கும், அப்புறம் அது இல்லாம சாப்பிடாதுன்னாங்க. நான் ஒங்க பாடத்தைச் சொல்லி அம்மா வாயை அடைச்சேன். இப்ப மொபைல் இல்லாம அது வாயே தெறக்க மாட்டேங்குது மேம்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நஸ்ரினும் சிரித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்துக்கொண்டு நின்றேன். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அடுத்த வகுப்புல சொல்றேன்" என்றேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். மாணவிகள் ரோஜா கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து, இதைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24 அன்று எழுதியது மூன்றே வரி. மீதியை இப்போது எழுதுகிறேன்.

அன்று எனக்கு இரண்டு வகுப்பு, பன்னிரண்டு மணிக்கு முடியும். மேரி போன பிறகு பதினேழு நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் அப்பாவுக்கு ஒரு முழு மாத்திரை கொடுப்பேன். முன்னறையில் நாற்காலி. இடுப்பில் புடவைத் துணி. கடைசி எட்டு நாளாக இரண்டு கையும் நாற்காலிக் கையோடு துப்பட்டாவால். டிவி. வெளியே பூட்டு. வேதா மாமியிடம் சாவி கொடுத்திருந்தால் அவர் உள்ளே வந்து பார்ப்பார். அதனால் கொடுக்கவில்லை.

அன்று கட்டும்போது அப்பா என்னிடம், "நான் ஒண்ணும் எடுக்கலங்க" என்றார். தன்னைத் திருடன் என்று யாரோ பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். "சரி, சரி" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. கேண்டீனில் தமிழ்த்துறை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீ குடித்தேன். வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டேன். யாரோ ஒரு மாணவியின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். அங்கே நாற்பது நிமிடம் இருந்தேன். அப்பாவை மறந்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. நடுவில் கடிகாரத்தைப் பார்த்தேன். கட்டித்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். எனக்குச் சுகமாக இருந்தது.

வீட்டைத் திறந்தபோது நாற்காலி அவர்மேல் கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். கை கட்டியிருந்ததால் ஊன்றிக்கொள்ள முடியவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாது. வேட்டி நனைந்து, நனைந்த இடம் காய ஆரம்பித்திருந்தது. டிவியில் சமையல் நிகழ்ச்சி. நான் முதலில் செய்தது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அல்ல. முடிச்சுகளை அவிழ்த்தேன், துப்பட்டாவை மடித்து அலமாரியில் வைத்தேன், நாற்காலியை நிமிர்த்தினேன். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். அப்பா கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதிவிட்டேன்.

நஸ்ரினுக்கு என்ன பதில் சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். முதல்வர் சொன்னது பிழைதான். நஸ்ரினின் கால் மணி நேரத்திலிருந்து மற்றவர்களின் தாமதத்துக்கு எதுவும் யாரையும் தள்ளவில்லை. அவர் நடுப்படிகளைக் காட்டவே இல்லை, கடைசிப் படியைக் காட்டிப் பயமுறுத்தினார். மேரி அப்படியா சொன்னாள்? ஜூன் 19 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறாள். அடைத்தால் ஏன் கத்துவார், மாத்திரையால் ஏன் தள்ளாடுவார் என்று. எல்லாவற்றுக்கும் முதலில், நமக்குச் சுகமாக இருக்கும் என்று. அதை என் கையாலேயே எழுதி வைத்துவிட்டு, "பதில் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை" என்று முடித்திருக்கிறேன்.

நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றேன். நிற்கலாம்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. நிற்க முடியாமல் போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒவ்வொரு படியிலும் இடம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் நிற்கச் சொல்ல மேரியும் இருந்தாள்.

செப்டம்பர் 9, சனி

மேரியின் வீடு பாலக்கரையில். பத்து மாதம் போல என் வீட்டுக்கு வந்தவள், நான் அவள் வீட்டுக்கு இன்றுதான் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அய்யாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். நாற்காலி, துப்பட்டா, பூட்டு, பஜ்ஜி எல்லாம். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "நீ சொன்னதெல்லாம் அப்படியே நடந்துச்சு மேரி. உன்னை நான் பேசவே விடல. மன்னிச்சுக்கோ."

"எங்கிட்ட எதுக்கு டீச்சர் மன்னிப்பு? என் பேச்சை வெட்டுனீங்க. அது எனக்குப் பழக்கம்தான்."

எனக்கு உட்கார ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கவே இல்லையே."

"நீ அந்த இல்லத்துல பாத்திருப்ப."

"பாக்கல டீச்சர். செஞ்சேன். லூர்தம்மான்னு ஒரு பாட்டி, எந்நேரமும் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடும். முப்பது பேருக்கு நாங்க மூணு பேரு. நான்தான் மொதல்ல கதவைச் சாத்தினேன். நான்தான் கட்டினேன். ஒரு வருசம் தெனமும் கட்டினேன். அது செத்ததும் நான்தான் குளிப்பாட்டினேன். ரெண்டு மணிக்கட்டுலயும் தோல் கறுத்துப் போயி, தேய்ச்சாலும் போவல. அன்னைக்கே வேலைய விட்டுட்டேன்." மீன் சட்டியில் ஈ மொய்த்தது. தட்டை எடுத்து மூடினாள். "அதை ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்.

"நீ இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன்.

"சர்ச்சு சாமியார்கிட்ட சொன்னேன். அவரு ஜெபம் பண்ணச் சொன்னாரு. ஆனா அந்தப் பாட்டிக்கு ஒரு மவன் இருந்தான். அவன்கிட்டதான் சொல்லியிருக்கணும். சொல்லல." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க டீச்சர்."

செப்டம்பர் 11, திங்கள்

வகுப்பு முடிந்து நேராக மருத்துவமனை. வகுப்பில் நஸ்ரினிடம் சொன்னேன், "எப்பவுமே பிழைன்னு நான் சொல்லிக்குடுத்தது தப்பு. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு எப்படித் தள்ளுதுன்னு காட்டினா, அது எச்சரிக்கை. காட்டாம கடைசிப் படிய மட்டும் காட்டினாத்தான் பிழை. உங்க அம்மா எது செஞ்சாங்கன்னு யோசிச்சுப் பாரு." எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அது சுலபமாக இருந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மங்கையிடம் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மீண்டும் தொடங்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். என்னை அடிப்பாள், கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"போன மாசம் வீடியோ கால் பண்ணேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். திரும்பாமலே பேசினாள். "அப்பாவ நாற்காலியில காட்டின. கை ரெண்டும் அசையவே இல்ல. என்னமோ மாதிரி இருந்துச்சு. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அப்புறம் நான் வந்து பாக்கணும். பாத்தா நான் கூட்டிட்டுப் போகணும். அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது. அதான் மொதல் கேள்வியவே கேக்கல."

பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அழவில்லை. "ஆனா கட்டினது நீதான்" என்றாள்.

"ஆமா, நான்தான்."

டாக்டர் ஹரிகரசுதனைத் தேடிப் போனேன். ஆகஸ்ட் 25 அன்று நான் சொன்னது பொய், திருத்த வேண்டும் என்றேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? ஆபரேஷன் முடிஞ்சிருச்சு" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. இன்னும் ஒரு முறை அப்படிச் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்து வந்திருப்பேன். அதனால் உடனே, "எழுதுங்க சார்" என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். 'கட்டி வைக்கப்பட்டிருந்த நிலையில்' என்ற இடத்தில் பேனா நின்றது. "நானே எழுதட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவரே எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரிகளிடம் சொல்ல வேண்டியிருக்கும், அவர்கள் என்னை விசாரிக்கலாம் என்றார். சரி என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அப்பாவை மங்கை கரூருக்குக் கூட்டிப் போகிறாள். மேரியும் ஒரு மாதம் அங்கே போய் இருக்கப் போகிறாள். நான் போகவில்லை. வேண்டாம் என்று மங்கை சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்றிருக்கிறாள். நான் வரும்போது அவள் கூட இருப்பாளாம். அது எனக்குப் புரிகிறது.

விசாரணைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் வேன் வருவதற்கு முன்பு மங்கை மருந்து வாங்கப் போனாள், மேரி பை கட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முகத்தைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். மணிக்கட்டில் சிவப்பு போய்விட்டது. லேசான பழுப்பு மட்டும் இருக்கிறது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா" என்றார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மேரியின் கை பையின்மேல் நின்றது.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்தேன். "இல்லப்பா. நான் நல்லாப் பாத்துக்கல. நான் நாற்காலியில கட்டிப் போட்டுட்டு வெளிய போனேன். அதான் விழுந்து அடிபட்டுச்சு."

"யார?"

"ஒங்களத்தான்ப்பா."

அப்பா யோசித்தார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு சுருங்கியது. நான் சொன்ன ஆளை எங்கோ தேடுவது போலக் கண் அலைந்தது. கிடைக்கவில்லை. பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாவம்" என்றார். "அந்தாளுக்கு வலிச்சிருக்குமே."

"ஆமாப்பா" என்றேன். "ரொம்ப வலிச்சிருக்கும்."